ஒன்பது வயசுக்கு டயட்டா?

போன வருஷம், ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த வாரம். ராஜபாளையத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள என் வைத்தியசாலைக்கு வந்தார். சிறுமிக்கு 9 வயசு, நாலாம் வகுப்பு. காலைப் பிரேயரில் நின்றவள் மயங்கி விழுந்திருக்கிறாள்.

"சரியாவே சாப்பிட மாட்டேங்குறா டாக்டர். டிபன் பாக்ஸ் போன மாதிரியே திரும்பி வருது. பசி எடுக்க ஏதாவது லேகியம் குடுங்க" என்றார்.

நாடி பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1. இந்த வயசில் 11.5-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். திரிகடுகம் சேர்த்த சூரணத்தை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம் ஏதோ தோன்ற, தாயாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மருந்து கொடுக்கும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உனக்குப் பசிக்கவே இல்லையாடா கண்ணு?"

"பசிக்கும் தாத்தா. சாப்பிட்டா தொப்பை வந்துரும்ல. என் பொம்மைக்குத் தொப்பையே இல்ல."

கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும் மீதியும் வந்தது. அம்மாவின் செல்போனில் ஒரு விளையாட்டு. அதில் ஒரு பெண்ணுக்கு அலங்காரம் பண்ண வேண்டும். குட்டைப் பாவாடை, உதட்டுச் சாயம், குதிகால் உயர்ந்த செருப்பு போட்டால் நட்சத்திரம் நிறையக் கிடைக்கும். சாதாரண உடை போட்டால் கிடைக்காது.

வாசகர்களே, அந்தக் குழந்தைக்குப் பசி இருந்தது. பசியை அடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்கு லேகியம் கிடையாது!

பொம்மையின் கதை

உலகம் பூராவும் தெரிந்த பார்பி பொம்மை 1959-ல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி வெளியிட்டது. அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர், ஜெர்மனியில் விற்ற லில்லி என்ற பொம்மையைப் பார்த்துத்தான் யோசனை பெற்றார். அந்த லில்லி குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது அல்ல. பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையின் கேலிச்சித்திரத்தில் வந்த கவர்ச்சிப் பெண்.

1965-ல் வந்த ஒரு பார்பியோடு எடை பார்க்கும் மெஷினும் குட்டிப் புத்தகமும் சேர்த்துக் கொடுத்தார்கள். மெஷினின் முள் 110 பவுண்டில், அதாவது சுமார் 50 கிலோவில் நிற்கும். எடை குறைப்பது எப்படி என்ற அந்தப் புத்தகத்தில் இருந்த யோசனை, "சாப்பிடாதே!" எவ்வளவு பெரிய கொடுமை பாருங்கள். பருமனான, உயரமான, குட்டையான உடல்வாகுகளில் அந்தப் பொம்மை வந்தது 2016-ல்தான். 57 வருஷம் ஆயிற்று!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2006-ல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரை உள்ள 162 சிறுமிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு பார்பி படங்கள், சிலருக்குப் பருமனான பொம்மையின் படங்கள், சிலருக்குப் பொம்மையே இல்லாத படங்கள் காட்டினார்கள். பார்பி படம் பார்த்த சின்னக் குழந்தைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் திருப்தி குறைந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது.

2007-ல் அமெரிக்க உளவியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண் குழந்தைகளைக் கவர்ச்சிப் பொருளாகக் காட்டும் பொம்மை, உடை, விளம்பரம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்த அறிக்கை. சாப்பாட்டுக் கோளாறு, தன்னம்பிக்கைக் குறைவு, மனச்சோர்வு ஆகிய மூன்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்று அது சொன்னது.

நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாட்டில், 9 வயசிலேயே பட்டினி கிடந்தால் வயசுக்கு வரும்போது உடம்பில் என்ன மிஞ்சும்?

நம் வீட்டில் நடப்பது

பழியைப் பொம்மை மேல் மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. குழந்தைகள் அதில் சிக்கிக்கொள்வது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே மாதம் தடை நீங்கியது. 2020-ல் மத்திய அரசு பாதுகாப்புக் காரணம் காட்டி அதைத் தடை செய்தது. 2019 ஜூனில் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயசுக்குப் பொருந்தாமல் ஆட வைக்காதீர்கள் என்று தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது.

ஆனால் வீட்டு விசேஷத்தில்? என் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் 7 வயசுக் குழந்தை ஒரு சினிமாப் பாட்டுக்கு இடுப்பை வெட்டி ஆடினாள். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அந்தக் கைதட்டலும் அவளுக்குக் கிடைத்த நட்சத்திரம்தானே!

பேதையும் பெதும்பையும்

பெண்ணின் பருவங்களை நம் முன்னோர் ஏழாகப் பிரித்தார்கள். 5 முதல் 7 வயது வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, அதற்கு அப்புறம்தான் மங்கை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஆண்டாள் பிறந்த இந்த ஊரிலேயே, நாச்சியார் திருமொழியில் சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டி விளையாடுவது வருகிறது.

மரப்பாச்சியும் பெரியவர் உருவம்தான், சேலை கட்டிய பொம்மைதான். ஆனால் யாரும் மரப்பாச்சி மாதிரி இடுப்பு வேணும் என்று பட்டினி கிடந்ததில்லை. பாண்டி ஆடினால் எலும்பும் தசையும் பலப்படும். பல்லாங்குழியில் கணக்கு வரும். தட்டாங்கல்லில் கண்ணும் கையும் சேர்ந்து பழகும். இவற்றில் உடம்பு விளையாடும். உடம்பை யாரும் மார்க் போட்டுப் பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம்?

1. பொம்மையைப் பிடுங்கி வீசாதீர்கள். "இந்தப் பொம்மையால ஓட முடியுமா? நிமிர்ந்து நிக்க முடியுமா?" என்று கேளுங்கள். குழந்தையே யோசிக்கும்.

2. செல்போன் விளையாட்டை நீங்களும் பத்து நிமிஷம் ஆடிப் பாருங்கள். எதற்குப் பரிசு கொடுக்கிறது என்று கவனியுங்கள்.

3. குழந்தை முன்னால் "குண்டாயிட்டேன், கறுத்துட்டேன்" என்று பேசாதீர்கள். "பொம்பளப் புள்ள அடக்கமா இரு" என்று திட்டவும் வேண்டாம். தப்பு குழந்தையுடையது அல்ல.

4. உதட்டுச் சாயம், கடை மை, கறுப்பு மருதாணி வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது. கறுப்பு மருதாணியில் கலக்கும் சாயம் தோலைக் கொப்புளிக்க வைக்கும். இலை மருதாணி அரைத்து வையுங்கள்.

5. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்த்து வாங்குங்கள்.

6. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட விடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, உளுந்தங்களி கொடுங்கள். ரத்தசோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

7. குழந்தையின் விளையாட்டில் பெரியவர்களின் அந்தரங்கச் செயல் திடீரென்று தென்பட்டால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். யாராவது தவறாக நடந்திருக்கலாம். மெதுவாகக் கேளுங்கள். 1098 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானே ராத்திரி சாப்பிடுறதில்ல டாக்டர். தினம் கண்ணாடி முன்னால நின்னு புலம்புவேன். அவ பாத்துக்கிட்டே இருப்பா" என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் நான் எழுதிய முதல் மருந்து. இரும்புச்சத்து மருந்து இரண்டாவது.

மூன்று மாசம் கழித்து வந்தார்கள். ஹீமோகுளோபின் 11.6. சிறுமியின் கையில் அதே பொம்மை. தலையிலிருந்து கால் வரை ராஜபாளையத்து பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"சாப்பிடாம மயங்கி விழுந்துட்டா தாத்தா. நான்தான் டாக்டர். கேப்பைக் கூழ் குடுத்திருக்கேன்" என்றாள்.