அம்மை என்னும் பொதுப்பெயரும் தொற்றுத் தடுப்பு வழக்காறும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘அம்மை’ என்னும் பெயரடியில் வழங்கும் நோய்கள் வெவ்வேறு வைரஸ்களால் வருவன. அவை பரவும் வழியும் காலமும் வேறுவேறு. எனினும் வேப்பிலை செருகுதல், வெளியாரை விலக்குதல், தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல் என்னும் ஒரே வழக்காறு அவை அனைத்திற்கும் கைக்கொள்ளப்படுகிறது. இவ்வழக்காறு பெரியம்மையின் தொற்று இயல்புக்குப் பெரிதும் பொருந்தியது என்பதையும், பெரியம்மை ஒழிந்தபின் எஞ்சியுள்ள தட்டம்மை முதலியவற்றுக்கு அது போதாது என்பதையும், இவ்வேறுபாட்டைப் பொதுப்பெயர் மறைத்துவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அம்மை, முத்து, பெரியம்மை, தட்டம்மை, வழக்காறு, தொற்று, தடுப்பூசி.

முன்னுரை

அம்மை நோய் தொடர்பான வழக்காறுகளை மதிப்பிடுவதில் இருவேறு நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. அவ்வழக்காறுகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவது ஒன்று. அவற்றை முன்னோரின் மருத்துவ அறிவியல் எனப் போற்றுவது மற்றொன்று. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வேப்பிலை, மஞ்சள் ஆகியவை குறித்து எழுந்த பேச்சுகள் இரண்டாவது நிலைப்பாட்டை மேலும் வலுப்படுத்தின. இரு தரப்பினரும் வழக்காற்றைப் பிரிக்கவியலாத ஒரு முழுமையாகவே கொள்கின்றனர். எந்த நோய்க்கு, நோயின் எந்த நாளில், எந்த அளவுக்கு அது பயன்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, அம்மை தொடர்பான சொற்களையும் வழக்காற்றுக் கூறுகளையும் அந்நோய்களின் தொற்று இயல்போடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைரஸைக் குறிக்க நச்சுயிரி, தீநுண்மி முதலிய கலைச்சொற்கள் தமிழில் உள்ளன. பரவலாக வழங்குவது கருதி ‘வைரஸ்’ என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

அம்மைப் பெயர்களின் பாகுபாட்டு முறை

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, தாளம்மை, மணல்வாரி அம்மை எனப் பல பெயர்கள் வழக்கில் உள்ளன. பெரியம்மைக்கு வைசூரி என்னும் பெயரும் உண்டு. 2022ஆம் ஆண்டில் பல நாடுகளில் பரவிய நோய் தமிழில் ‘குரங்கம்மை’ எனப் பெயர் பெற்றதை நோக்கும்போது, இப்பெயரடி இன்றும் ஆக்கத்திறன் உடையதாக இருப்பது தெளிவாகிறது.

இப்பெயர்களின் அடைமொழிகள் பெரும்பாலும் உடலில் கண்ணுக்குப் புலப்படும் குறிகளைச் சார்ந்தவை. மணலை வாரித் தூவினாற்போன்ற தடிப்பு மணல்வாரி ஆயிற்று. சித்த மருத்துவ மரபில் வழங்கும் மிளகம்மை, வரகுதரி, உப்புதரி ஆகிய பெயர்களும் கொப்புளத்தின் தோற்றத்தைத் தானியம் முதலிய பொருள்களோடு ஒப்பிட்டு அமைந்தவையே. கொப்புளத்தை ‘முத்து’ என்று குறிப்பதும் அவ்வகையினதே. தாளம்மை மட்டும் இதற்கு விலக்காகத் தோன்றலாம். ‘பொன்னுக்கு வீங்கி’ என்றும் வழங்கும் அந்நோயில் கொப்புளம் இல்லை. காதின் கீழ்ப்புறம் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குகிறது. ஆயினும் அதுவும் புறத்தே தெரியும் குறியே. எனவே ‘கொப்புளம் தோன்றும் நோய்’ என்பதைவிட ‘உடலின்மேல் தன்னைக் காட்டிக்கொள்ளும் தொற்றுநோய்’ என்பதே அம்மை என்னும் பொதுப்பெயருக்கு நெருங்கிய வரையறையாகும்.

கண்ணால் காண்பதைக் கொண்டு வகுப்பது தன்னளவில் பிழையன்று. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் அப்பாகுபாடு சிலவற்றைச் சேர்க்கிறது, சிலவற்றைப் பிரிக்கிறது. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ், நோய் நீங்கியபின் நரம்பணுத் திரள்களில் உறங்கிக் கிடந்து, பல்லாண்டுகள் கழித்து உடலின் ஒருபக்கத்தில் பட்டையாக எரிச்சலுடன் கூடிய கொப்புளங்களாக வெளிப்படுவதுண்டு. தமிழ் வழக்கு அதை ‘அக்கி’ எனத் தனி நோயாகக் கொண்டு, செங்காவியால் அக்கி எழுதுதல் என்னும் தனி முறையையும் வகுத்தது. ஒரே வைரஸின் இரு வெளிப்பாடுகள் இங்கு இரு நோய்களாயின. மறுபுறம், ஒன்றோடொன்று உறவற்ற வைரஸ்களால் வரும் பெரியம்மையும் தட்டம்மையும் ஒரு பெயரடியின் கீழ் வந்தன.

வழக்காற்றின் தடுப்புக் கூறுகள்

அம்மை கண்ட வீட்டில் கைக்கொள்ளப்படும் வழக்காறுகள் வட்டாரந்தோறும் சிறிது வேறுபடினும் அவற்றின் அடிப்படை ஒன்றே. வாயிலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்டு வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டார் பிறர் வீட்டு நிகழ்வுகளுக்குச் செல்லமாட்டார்கள். நோயாளிக்குத் தனி இடமும் தனிப் படுக்கையும் தரப்படும். தாளிதமற்ற எளிய உணவும் இளநீர், மோர் போன்ற குளிர்ச்சியான பானங்களும் கொடுக்கப்படும். முத்து இறங்கியபின், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவதோடு விலக்கு முடிவுறும்.

இவற்றுள் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் உள்ள கூறு எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். வேப்பிலை இங்கு முதன்மையாக ஓர் அறிவிப்புப் பலகையாகவே பயன்பட்டது. எழுத்தறியாதாரும் தொலைவிலிருந்தே ‘இவ்வீட்டில் நோய் உண்டு’ என அறிந்து விலக அது உதவிற்று. வழக்காற்றின் தடுப்பாற்றல் இலையின் வேதிப்பொருளில் அன்று, அவ்வறிவிப்பு உண்டாக்கிய விலகலிலேயே அமைந்தது. நீர்ப்பொருள்களை மிகுதியாகக் கொடுத்தல் காய்ச்சலில் வறண்ட உடலுக்கு நன்மை செய்யும். ஆனால் அது நோயாளிக்கான பேணுகையே தவிர, பிறருக்குப் பரவாமல் காக்கும் தடுப்பு ஆகாது.

பெரியம்மையும் விலக்கும்

விலக்கு எப்போது தொடங்குகிறது என்பது இங்கு முதன்மையான வினா. முத்துக் கண்டபின்னரே வேப்பிலை செருகப்படும். அதற்கு முன் அது வெறும் காய்ச்சல். எனவே, முத்துத் தோன்றுமுன் பரவாத நோய்க்கே இவ்விலக்கு முழுப்பயன் தரும்.

பெரியம்மை ஏறத்தாழ அத்தகைய நோயே. வைரஸ் உடலுட் புகுந்து ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை பெரும்பாலும் அறிகுறியே இராது. பின்னர்க் கடுங்காய்ச்சல் கண்டு நோயாளி படுக்கையில் விழுவார். அதன்பிறகு வாயிலும் தோலிலும் புண்கள் தோன்றும் காலத்திலேதான் நோய் பெரிதும் பிறருக்குப் பரவும். முகத்துக்கு முகம் நெருங்கிப் பழகுதல், நோயாளியின் துணி, படுக்கை ஆகியவற்றைக் கையாளுதல் என்பவை அது பரவும் முதன்மையான வழிகள். பொருக்குகள் முழுவதும் உதிரும்வரை தொற்று நீடிக்கும். முத்துக் கண்டவுடன் விலக்குதல், துணியையும் படுக்கையையும் தனித்து வைத்தல், முத்து இறங்கியபின் விலக்கை நீக்குதல் ஆகிய மூன்றும் இவ்வியல்போடு பொருந்துகின்றன. விலக்கின் முடிவை நாள் கணக்கால் மட்டுமன்றித் தோலின் நிலையாலும் அறிந்தமை சிறப்பாகக் கருதத்தக்கது.

பெரியம்மையை உலகிலிருந்து அகற்றிய திட்டமும் இதே இயல்பைப் பயன்படுத்தியது. நோயாளியைத் தேடிக் கண்டறிந்து, தனிமைப்படுத்தி, அவரைச் சூழ்ந்துள்ளோர்க்கு அம்மை குத்தும் முறை 1970களில் இந்தியாவில் கையாளப்பட்டது. நோயாளியின் வீட்டு வாயிலில் காவலாள் நிறுத்தப்பட்டதும் உண்டு. அக்காவலாளும் வேப்பிலையும் செய்த பணி ஒன்றே. ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. விலக்கு பரவலைக் குறைத்ததே அன்றி நோயை ஒழிக்கவில்லை. அதனோடு தடுப்பூசியும் சேர்ந்தபோதே ஒழிப்பு கைகூடியது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலக சுகாதார மன்றம் இந்நோய் ஒழிந்ததாக அறிவித்தது.

எஞ்சிய அம்மைகளும் வழக்காற்றின் போதாமையும்

பெரியம்மை மறைந்தது, வழக்காறு மறையவில்லை. இன்று அது எதிர்கொள்ளும் நோய்கள் வேறு இயல்பின.

தட்டம்மை தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாள்களுக்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். தோன்றியபின் 4 நாள்கள் வரை பரவும். அக்காலத்தின் முற்பாதியில் குழந்தைக்குக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவையே இருக்கும். அதைச் சளிக்காய்ச்சல் எனக் கருதிப் பள்ளிக்கு அனுப்புதலும் இயல்பு. நோயுற்றவர் அகன்ற பின்னும் அறையின் காற்றில் வைரஸ் 2 மணி நேரம் வரை நிலைத்திருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றுப் பெறலாம். வாயிலில் வேப்பிலை செருகப்படும்போது, வீட்டிலும் வகுப்பறையிலும் உடனிருந்த குழந்தைகளுள் பலர் ஏற்கெனவே வைரஸைப் பெற்றிருப்பர்.

சின்னம்மை இரண்டிற்கும் இடைப்பட்டது. கொப்புளத்திற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டும்வரை அது பரவும். விலக்கின் தொடக்கம் இங்குச் சற்றுப் பிந்துகிறது. முடிவு மட்டும், தோலின் நிலையை நோக்கி அமைந்தால் பொருந்துகிறது. மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என நாளை மட்டும் எண்ணி விலக்கை முடித்தால், புதுக்கொப்புளங்கள் இருக்கும்போதே குழந்தை வெளியில் செல்ல நேரும். தாளம்மையும் வீக்கத்திற்கு முன்பே பரவத் தொடங்குவது.

ரூபெல்லாவில் வழக்காற்றின் போதாமை முற்றிலும் புலப்படுகிறது. அதன் தடிப்பு மெல்லியது. பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. குறி இல்லாதவிடத்து வேப்பிலைக்கும் இடமில்லை. ஆனால் கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு அத்தொற்று ஏற்படின், சிசு இறக்கவோ கண், செவி, இதயம் ஆகியவற்றில் குறையோடு பிறக்கவோ கூடும்.

பெயர் விளைக்கும் பிழைகள்

பொதுப்பெயரால் மூன்று பிழைகள் நேர வாய்ப்புண்டு.

முதலாவது, அளவு பற்றியது. ‘பெரிய’, ‘சின்ன’ என்னும் அடைகள் பெரியம்மையை அளவுகோலாகக் கொண்டவை. நோயுற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேரைக் கொன்ற அந்நோயின் அருகில் ஏனையவை சிறியனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. இலங்கைத் தமிழில் தட்டம்மைக்குச் ‘சின்னமுத்து’ என்றே பெயர். ஆனால் 1963இல் தடுப்பூசி வருவதற்கு முன் உலகில் ஆண்டுதோறும் 26 இலட்சம் பேர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நுரையீரல் அழற்சியும் மூளை அழற்சியும் அதன் பின்விளைவுகள். அளவுகோல் மறைந்தபின்னும் ‘சின்ன’ என்னும் அடை நின்று, அச்சத்தைக் குறைக்கிறது.

இரண்டாவது, எதிர்ப்பாற்றல் பற்றியது. ‘அம்மை ஒருமுறை வந்தால் மீண்டும் வராது’ என்னும் நம்பிக்கை, அந்தந்த வைரஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் மெய்யே. ‘அம்மை’ என்னும் பொதுப்பெயரின்மேல் ஏற்றிச் சொல்லப்படும்போது அது பிழையாகிறது. சின்னம்மை கண்ட குழந்தைக்குத் தட்டம்மைக்கு எதிரான காப்பு எதுவும் கிடைத்துவிடவில்லை.

மூன்றாவது, பரவும் வழி பற்றியது. தொற்றுநோய்க்குத் தமிழில் ‘ஒட்டுவாரொட்டி’ என்னும் அழகிய சொல் உண்டு. ஒட்டுவாரை ஒட்டிக்கொள்வது என்னும் அதன் பொருள் தீண்டலையும் நெருக்கத்தையும் உணர்த்துகிறது. பெரியம்மைக்கு அது பொருந்தும். ஒட்டாமலே, ஒரே அறையின் காற்றை மூச்சில் வாங்கினாலே பற்றும் தட்டம்மையை அச்சொல்லால் விளக்க இயலாது.

தடுப்பைக் குறிக்கும் சொற்கள்

1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். 1802இல் அம்முறை இந்தியாவில் பம்பாயில் தொடங்கியது. தமிழ் அதனை ‘அம்மை குத்துதல்’ என்றும், அதற்குரிய மருந்தை ‘அம்மைப்பால்’ என்றும் வழங்கியது. சிறிய அம்மையை உடலில் இட்டுப் பெரிய அம்மையை விலக்குதல் என்னும் செயல்முறையே அச்சொல்லில் அடங்கியிருந்தது. பின்வந்த ‘தடுப்பூசி’ என்னும் சொல் பயனைக் கூறுகிறது; செயல்முறையைக் கூறவில்லை. நோயே உடலில் செலுத்தப்படுகிறதோ என்னும் அச்சத்தைத் தவிர்த்தது அதன் நன்மை. உடல் எவ்வாறு பயிற்சி பெறுகிறது என்னும் புரிதல் மங்கியது அதன் இழப்பு.

இப்புரிதல் இன்றும் தேவைப்படுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லாத் தடுப்பூசி முகாம்கள் தொடங்கப்பட்டபோது, சமூக ஊடகங்களில் ஐயங்களும் வதந்திகளும் எழுந்தன. தட்டம்மை பரவாதிருக்க மக்களுள் 95 விழுக்காட்டினராவது இரு தவணை தடுப்பூசி பெற்றிருத்தல் வேண்டும். குழந்தைக்கு 9 முதல் 12 மாதங்களுக்குள் முதல் தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையும் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் அளிக்கப்படுகின்றன. குறி தோன்றுமுன் பரவும் நோய்க்குக் குறி தோன்றுமுன் தொடங்கும் தடுப்பே ஏற்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அம்மை என்பது புறக்குறி வழி அமைந்த பொதுப்பெயர். வைரஸ் வழி அமைந்த பாகுபாட்டோடு அது ஒத்துச் செல்வதில்லை.

2. அம்மை வழக்காற்றின் தடுப்பாற்றல் வேப்பிலை அறிவிக்கும் விலகலில் உள்ளது. முத்துக் கண்டபின் தொடங்கும் அவ்விலகல் பெரியம்மைக்குப் பெரிதும் பொருந்தியது. சின்னம்மைக்கு ஓரளவே பொருந்துகிறது. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போதாது.

3. ஒழிந்துபோன ஒரு நோய்க்காகச் செம்மையுற்ற வழக்காறு, பெயர் ஒற்றுமையால் பிற நோய்களுக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. எனவே அதனை முழுவதும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவதும், முழுவதும் மருத்துவ அறிவியல் எனக் கொள்ளுவதும் பொருந்தா.

4. நோயுற்ற குழந்தையைத் தனித்து வைக்கும் பண்பு பேணத்தக்கது. அம்மைக்கு மருத்துவமனை கூடாது என்னும் தயக்கமும், அம்மை தானே இறங்கும் என்னும் காத்திருப்பும் தட்டம்மையில் உயிருக்கே கேடாகலாம்.

நோய்ப்பெயர் ஆய்வு சொற்பிறப்போடு நின்றுவிடாமல், அப்பெயர் மக்களை எச்செயலுக்குத் தூண்டுகிறது, எதனைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அக்கி, கோமாரி, செங்கமாரி முதலிய பிற நோய்ப்பெயர்களும் இம்முறையில் ஆராயப்படின், தமிழ் நலவாழ்வுக் கலைச்சொல்லாக்கத்திற்கும் மக்களுக்கான நோய்த்தடுப்பு எழுத்துக்கும் அவ்வாய்வுகள் நேரடியாகப் பயன்படும்.