உறங்காப்புளி உணர்த்தும் உறக்க நெறி

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள திருத்தலம் ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்பது இதன் பழம்பெயர். நவதிருப்பதிகளுள் ஒன்றான இத்தலத்தின் ஆதிநாதர் திருக்கோயிலில் தொன்மையான புளியமரம் ஒன்று நிற்கின்றது. இதனடியில்தான் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பர்.

புளியமரத்தின் இலைகள் அந்தியில் கூம்பி, காலையில் விரியும் இயல்புடையவை. இம்மரத்தின் இலைகளோ இரவிலும் கூம்புவதில்லை என்பது அடியார்களின் நம்பிக்கை. அதனால் இதற்கு உறங்காப்புளி என்று பெயர். வனவாசத்தில் 14 ஆண்டுகள் கண்துஞ்சாது இராமபிரானைக் காத்த இலக்குவனே இங்குப் புளியமரமாக நிற்கின்றான் என்று தலவரலாறு கூறும்.

இலக்குவனுக்கு விழித்திருத்தல் தொண்டு. மானிடர்க்கோ உறக்கம் இயற்கை வகுத்த விதி. 1729-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மைரான், பகலில் இலை விரித்து இரவில் மூடும் செடி ஒன்றை இருளில் வைத்தார். வெயில் படாதபோதும் அது தன் நேரப்படியே இலைகளை விரித்து மூடியது. உயிர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகின்றது என்னும் உண்மை பின்னர்த் தெளிவாயிற்று. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவர்க்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரம் ஒழுங்கை நாடுவது. திருக்கோயிலின் நாளும் அவ்வாறே அமைந்துள்ளது. விடியலில் திருப்பள்ளியெழுச்சி, இரவில் அர்த்தசாம பூசை. சிவாலயங்களில் அதன்பின் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்வார். பால் நிவேதனம் ஆகும், நடை சாத்தப்படும். பரபரப்பிலிருந்து அமைதிக்குப் படிப்படியாக இறங்கும் முறை அது. இல்லத்திலும் அதனைப் பின்பற்றலாம்.

முதலாவது, எழும் நேரம். இரவு உறக்கம் குறைந்திருப்பினும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து காலை வெயிலில் சற்று நிற்றல் வேண்டும். பகலில் நெடுநேரம் உறங்கினால் இரவு உறக்கம் குறையும். காபி, தேநீர் ஆகியவற்றின் ஊக்கம் உடலில் பல மணி நேரம் தங்குமாதலால், பிற்பகலுக்குப் பின் அவற்றைத் தவிர்த்தல் நலம்.

இரண்டாவது, நடை சாத்துதல். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் விலக்கி, விளக்கொளியைக் குறைத்தல் வேண்டும். மனத்தை அரிக்கும் கவலைகளையும் மறுநாட் பணிகளையும் மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மூடி வைத்தல் பயன் தரும். பின்னர் மூச்சை மெல்ல விட்டு, விரும்பும் திருநாமத்தை மனத்துள் சொல்லி வரலாம்.

மூன்றாவது, படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வாராவிடில், புரண்டு கொண்டிராது எழுந்து விடுதல். படுக்கையில் விழித்துக் கிடக்குந்தோறும் படுக்கை என்றால் விழிப்பு என்றே மனம் பழகிவிடும். மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் செருகும்போது மீண்டும் படுத்தல் வேண்டும். மணி பார்த்தல் கூடாது. பார்க்குந்தோறும் கவலையே பெருகும்.

வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கமின்றி மூன்று திங்களுக்கு மேல் துன்புறுவோர் மருத்துவரை அணுக வேண்டும். உரத்த குறட்டையுடன் மூச்சுத் திணறுவோரும், வாழ்வில் பிடிப்பற்ற சோர்வுடையோரும் காலந்தாழ்த்தலாகாது. தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உண்ணுதல் தீங்காகும். மருத்துவரை நாடுதல் இறைநம்பிக்கைக்குக் குறைவன்று.

நள்ளிரவில் விழித்திருப்போர் பலர், பிள்ளையின் படிப்பையும் கடனையும் நோயையும் தாமே காவல் காப்பதாக எண்ணி வருந்துகின்றனர். அவ்வேளையில் செய்யக்கூடிய பணியோ ஒன்றுமில்லை. குருகூரில் உறங்காப்புளி காவல் நிற்கின்றது. இரவின் காவலை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, மாந்தர் கண்ணயரலாம். விடிந்ததும் அவரவர் கடமை அவரவர்க்காகக் காத்திருக்கும்.