பழைய போன் வாங்கும் முன்

அன்புள்ள கயல்,

கல்லூரி திறக்கும்முன் புது போன் வேண்டும் என்று கேட்டாயாம். "சித்தப்பாவைக் கேள்" என்று அண்ணன் என் பக்கம் தள்ளிவிட்டார். வாங்கு, ஆனால் பழையதாகப் பார்த்து வாங்கு. காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

ஒரு போனால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, கனிமம் தோண்டி, சிப் செய்து, பாகங்களைப் பூட்டும்போதே சேர்ந்துவிடுகிறது. நீ சார்ஜ் போடுவதால் ஆவது சொற்பம். ஆகவே செய்த போன் நெடுநாள் உழைக்க வேண்டும். நாமோ கேமரா கொஞ்சம் மாறியதும் நல்ல போனைக் கழித்துவிடுகிறோம். 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால்பங்குகூட இல்லை.

சென்னை ரிச்சி தெருக் கடையில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும் சிலவற்றைப் பார். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. முடக்கப்பட்டது என்றோ போலி எண் என்றோ பதில் வந்தால் அந்த போனைத் தொடாதே. விற்பவர் தன் கூகுள் கணக்கை உன் கண்முன் நீக்கி, ரீசெட் செய்து தரட்டும். இல்லாவிட்டால் பூட்டு விழுந்துவிடும். பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று பார். அது நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைப்பது ஆபத்து. பில் கேட்டு வாங்கு.

எல்லாவற்றையும் பழையதாக வாங்கலாம் என்றும் எண்ணாதே. ஹெல்மெட்டைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒருமுறை அடிபட்டு உள்ளே நசுங்கிய தெர்மோகோல் வெளியே தெரியாது. மறுமுறை தலையைக் காக்காது.

பழையது வாங்கியதாலேயே நல்லது செய்துவிட்டதாகவும் நினைக்காதே. புதிது ஒன்று வாங்கவிருந்த இடத்தில் பழையது வந்தால்தான் லாபம். மலிவாயிற்றே என்று கூடவே ஒரு டேப், ஒரு வாட்ச் என்று சேர்த்தால், ஷோரூமில் பிடிக்கும் அதே ஆசைதான் பழைய பொருள் கடையிலும் உன்னைப் பிடித்திருக்கிறது.

அதனால் முதலில் கையிலுள்ள போனை ஒரு ரிப்பேர் கடையில் காட்டு. பேட்டரி மாற்றினால் போதும் என்றால் மாற்றிக்கொள். இந்தக் கடிதத்தை எடுத்து வை. இரண்டு வருடம் கழித்துப் பயன்படும்.

அன்புடன்,
சித்தப்பா