பாடம் 7: வெயிலும் நம் தோலும்

எங்கள் வீடு கேர்ணிங் நகரில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் இங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாக இருக்கும்.

அன்று பகல் ஒரு மணி. நானும் தம்பியும் தோட்டத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை, வெயிலுக்கை நிக்காதை! கறுத்துப் போவாய்!" என்று அம்மம்மா யன்னலால் கூப்பிட்டார்.

எனக்கு ஒரே குழப்பம். என் பள்ளித் தோழிகள் நிறம் மாற வேண்டும் என்றே வெயிலில் படுத்திருக்கிறார்கள். அம்மம்மாவோ நிறம் மாறக்கூடாது என்கிறார். கறுப்பது கெட்டதா? நான் அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் பாதிதான் சரி. இரு, பின்சனின்ர கதையைச் சொல்லுறன்" என்றார் அம்மா.

கையில் பூசிய மை

நீல்ஸ் பின்சன் 1860இல் பரோ தீவுகளில் உள்ள தோர்ஸ்ஹவ்ன் நகரில் பிறந்தார். கொப்பன்ஹேகனில் மருத்துவம் படித்தார். இளவயதிலேயே அவருக்கு நோய் வந்தது. எப்போதும் களைப்பாக இருந்தது. அவர் இருந்த வீடு வடக்குப் பார்த்த வீடு. வெயில் பட்டால் உடல் தேறுமோ என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். அதிலிருந்து ஒளியைப் பற்றியே ஆராய்ந்தார்.

ஒருமுறை அவர் தன் கையில் ஒரு பட்டை போலக் கறுப்பு மை பூசினார். பிறகு கையை வெயிலில் வைத்திருந்தார். மை இல்லாத இடம் சிவந்துவிட்டது. மை இருந்த இடமோ முன்போலவே வெள்ளையாக இருந்தது.

சிவந்த தோல் பிறகு பழுப்பு நிறமாகியது. அவர் மறுபடியும் கையை வெயிலில் வைத்தார். இந்த முறை மை பூசவில்லை. என்ன நடந்தது தெரியுமா? முன்பு மை காத்த வெள்ளைத் தோல் சிவந்தது. பழுப்பான தோல் அப்படிச் சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கறுத்தது.

"பாத்தியே? கறுப்பு நிறம் தோலுக்கு ஒரு குடை மாதிரி" என்றார் அம்மா.

பின்சன் ஒளியைக் கொண்டு நோயாளிகளுக்கும் சிகிச்சை செய்தார். அந்தக் காலத்தில் பலருக்கு முகத்தோலில் காசநோய் வந்து முகமே சிதைந்துபோகும். அவர் கண்ணாடி வில்லைகளால் ஒளியைக் குவித்து அந்தப் புண்களில் பாய்ச்சினார். பலர் குணமடைந்தார்கள். 1896இல் கொப்பன்ஹேகனில் அவருடைய ஒளி மருத்துவ நிலையம் தொடங்கியது. 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு வாங்கப் போகக்கூட அவர் உடலில் பலம் இல்லை. அடுத்த ஆண்டே, 43 வயதில், அவர் இறந்துவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத கதிர்

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களும் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை புறஊதாக் கதிர்கள். இவை தோலுக்குள் புகுந்து அதன் உயிரணுக்களைப் பாதிக்கின்றன. உடனே தோல் 'மெலனின்' என்ற நிறப்பொருளைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதனால்தான் நாம் கறுக்கிறோம். தோல் கறுத்தால், அது அடிபட்டுக் குடை விரித்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே வேண்டுமென்றே வெயிலில் படுப்பது நல்லதல்ல. பல ஆண்டுகள் இப்படி அடிபட்டால் தோல் சுருங்கும். தோல் புற்றுநோயும் வரலாம்.

நம் தோலில் பிறப்பிலேயே மெலனின் அதிகம். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. வெயில் கூடிய நாட்டில் வாழ்ந்த நம் முன்னோர் தந்த குடை. ஆனாலும் அது முழுக் குடை அல்ல. நம் தோலும் எரியும்.

இதே கதிர்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகவும் உதவுகிறது. எலும்புகள் உறுதியாக இருக்க அது வேண்டும். டென்மார்க்கில் குளிர்காலத்தில் சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால் தோலில் அது உண்டாவதில்லை. நம் குடையும் கொஞ்சம் மறைத்துவிடுகிறது. அதனால்தான் கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் வைட்டமின் டி எடுக்க வேண்டும் என்று இந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது.

"அப்ப நான் யன்னலுக்குப் பக்கத்திலை வெயில் காயுறது போதாதோ?" என்று கேட்டார் அம்மம்மா. அவரும் கதை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

"போதாது அம்மா. வைட்டமின் டி தாற கதிரைக் கண்ணாடி மறிச்சுப்போடும். நீங்கள் குளிசையை மறக்காமல் போடுங்கோ."

என்ன செய்யலாம்?

• புறஊதாச் சுட்டெண் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் தோலைக் காக்க வேண்டும்.
• கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் இருங்கள்.
• தொப்பி போடுங்கள். தோலை மறைக்கும் உடை அணியுங்கள்.
• மறைக்க முடியாத இடங்களில் சன் கிரீம் பூசுங்கள்.

அம்மம்மா உள்ளே போய் என் தொப்பியோடு வந்தார்.

"இந்தா, மூன்று மணிக்குப் பிறகு இதைப் போட்டுக்கொண்டு விளையாடு. கறுத்தால் என்ன, எரியக் கூடாது!"

சொற்பொருள்
உயிரணு – உடலை ஆக்கும் மிகச் சிறிய கூறு
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
குளிசை – மாத்திரை

பேச்சும் எழுத்தும்
நிக்காதை – நிற்காதே
சொல்லுறன் – சொல்கிறேன்
பாத்தியே – பார்த்தாயா
போடுங்கோ – போடுங்கள்

பயிற்சி
1. இரண்டாம் முறை பின்சனின் கையில் எந்த இடம் சிவந்தது? ஏன்?
2. மெலனினை ஏன் குடை என்கிறோம்?
3. இன்று உங்கள் ஊரில் புறஊதாச் சுட்டெண் எத்தனை? பார்த்து எழுதுங்கள்.
4. "கறுத்துப் போவாய்" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? மூன்று வசனங்கள் எழுதுங்கள்.