ஜீப் வண்டியில் மின்சார விஞ்ச்: கம்பி இணைப்பும் துண்டிப்பு ஸ்விட்சும்

நீலகிரி, ஆனைமலை, பழநி மலை, கொல்லிமலை முதலிய பிரதேசங்களில் தோட்டப் பயிர் செய்வோருக்கும், போடிநாயக்கனூர், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வோருக்கும், நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வண்டி இன்றியமையாத சாதனமாக இருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பருவமழை பலக்கும்போது மண் பாதைகளில் இவ்வண்டிகளும் அச்சு வரையில் புதைந்து நின்றுவிடுவதுண்டு. அச்சமயத்தில் வண்டி தன்னைத் தானே இழுத்துக் கரையேறவும், பாதையில் விழுந்த மரத்தை அகற்றவும், வண்டியின் முன்புறத்தில் பொருத்தப்படும் மின்சார விஞ்ச் மிகவும் உதவுகிறது. பழநி மலையில் பக்தர்களை ஏற்றிச் செல்லும் விஞ்சைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். உருளை ஒன்று சுழன்று கயிற்றைச் சுற்றிக்கொள்ள, கயிற்றின் மறுமுனையிலுள்ள பாரம் நகர்கிறது.

இந்த யந்திரத்தை வாங்குவோரில் அநேகர் அது எத்தனை கிலோ இழுக்கும், விலை என்ன என்று விசாரிக்கிறார்களேயன்றி, அதற்கு மின்சாரம் வரும் வழியை விசாரிப்பதில்லை. உண்மையில், பாட்டரியிலிருந்து விஞ்சுக்குச் செல்லும் கம்பியே வண்டியிலுள்ள எல்லாக் கம்பிகளிலும் அபாயம் மிகுந்தது. அதைச் சரியாக இணைப்பது எப்படி, வேலையில்லாத வேளையில் அதைத் துண்டித்து வைப்பது எப்படி என்பவை இங்கே விவரிக்கப்படுகின்றன.

1. வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம்

கிணற்றில் வேலை செய்யும் 5 குதிரைச் சக்தி மோட்டார் பம்பு, 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர்தான் செல்கிறது. ஜீப்பின் பாட்டரியோ 12 வோல்ட் உடையது. வோல்ட் குறையக் குறைய, அதே வேலைக்கு ஆம்பியர் அதிகரித்தே தீரும். ஆகையால், சுமார் 4,300 கிலோ இழுக்கக்கூடிய விஞ்ச், பாரமின்றிச் சுழலும்போதே 60 முதல் 80 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்கிறது. முழுப் பாரத்தில் 400 ஆம்பியரையும் எட்டிவிடும். இது பம்பு மோட்டாரின் கம்பியில் செல்வதைப் போல் ஐம்பது மடங்கு.

12 வோல்ட் மின்சாரம் தொட்டால் உடம்பில் அடிக்காது என்பது மெய்யே. அதனாலேயே பலர் அதை அலட்சியமாகக் கருதுகின்றனர். ஆனால் நல்ல நிலையிலுள்ள பாட்டரியின் இரு முனைகளும் ஓர் இரும்புச் சாவியால் இணைக்கப்பட்டுவிட்டால், 1,000 ஆம்பியருக்கு மேலும் பாய்ந்து அச்சாவியைப் பழுக்கக் காய்ச்சிவிடும். விரலிலுள்ள மோதிரம் நடுவில் அகப்பட்டாலும் இதே கதிதான்.

வண்டியின் விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்குப் பியூஸ் உண்டு. விஞ்சின் பெரிய கம்பிக்கோ தயாரிப்பாளர்கள் சாதாரணமாகப் பியூஸ் வைத்து அனுப்புவதில்லை. அக்கம்பியின் உறை எங்காவது தேய்ந்து வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால், மின்சாரத்தைத் தடுக்க வழியில் ஒன்றுமில்லை. சில விநாடிகளில் உறை உருகித் தீப்பற்றும். எரிபொருள் குழாயும் பெரும்பாலும் அருகிலேயே செல்கிறது. மேலும், விஞ்ச் இருப்பது வண்டியின் மூக்கில். மோதல் நேரிட்டால் முதலில் நசுங்குவது அந்த இடமே. ஆகவே, வண்டி ஓடும்போது அக்கம்பியில் மின்சாரம் இருக்கவே கூடாது என்பது இவ்விஷயத்தில் முதல் விதியாகும்.

2. துண்டிப்பு ஸ்விட்ச்

மேற்கண்ட விதியை நிறைவேற்றுவது துண்டிப்பு ஸ்விட்ச். கடைகளில் பாட்டரி ஐசோலேட்டர் என்று கேட்டால் கிடைக்கும். இதைப் பொருத்துவதில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இடம். பாட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து விஞ்சுக்குச் செல்லும் கம்பியில், பாட்டரிக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். ஸ்விட்சைத் துண்டித்த பிறகும் பாட்டரிக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலுள்ள துண்டுக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகையால் அத்துண்டு ஒரு சாணுக்கு மேற்படாமல் இருப்பது உத்தமம்.

இரண்டாவது, கைக்கு எட்டுதல். விஞ்சை இயக்கும் கான்டாக்டரில், அதிக ஆம்பியர் பாயும்போது தொடு தகடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அப்பொழுது கையிலுள்ள பொத்தானை விட்டுவிட்டாலும் விஞ்ச் நிற்காது. சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாலும் நிற்காது. ஏனெனில் மின்சாரம் பாட்டரியிலிருந்து நேராக வருகிறது. கயிற்றைப் பிடித்து ஒழுங்குபடுத்தும் ஆளின் கை அவ்வேளையில் உருளைக்குள் இழுபட்டுவிட்டால், அதைக் காப்பாற்றக்கூடியது துண்டிப்பு ஸ்விட்ச் ஒன்றுதான். பானெட்டைத் திறந்து தேடும் இடத்தில் அது இருந்தால் பிரயோஜனமில்லை. ஓட்டுபவர் உட்கார்ந்த இடத்திலிருந்தோ, வண்டிக்கு வெளியே நின்றோ ஒரே எட்டில் திருப்பும்படி இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே இயலாதவிடத்து, ஸ்விட்சைப் பாட்டரியருகில் வைத்து, அதை வெளியிலிருந்து இழுத்துத் துண்டிக்கும் கம்பிப்பிடி அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தாங்கும் சக்தி. சிவப்புச் சாவியுடன் மலிவாக விற்கும் சில ஸ்விட்சுகள் தொடர்ச்சியாக 100 ஆம்பியரே தாங்கக்கூடியவை. விஞ்சுக்கு உரிய ஸ்விட்ச் தொடர்ச்சியாக 250 ஆம்பியருக்குக் குறையாமலும், சில நிமிஷங்களுக்கு விஞ்சின் முழு ஆம்பியரையும் தாங்குவதாக இருத்தல் அவசியம்.

நான்காவது, எதைத் துண்டிப்பது என்பது. விஞ்சுக்குச் செல்லும் கம்பியை மட்டுமே இது துண்டிக்க வேண்டும். வண்டி முழுவதற்கும் பொதுவான ஒரே ஸ்விட்சை வைத்து, என்ஜின் ஓடும்போது அதைத் திருப்பினால், ஆல்டர்னேட்டர் பாட்டரியிலிருந்து பிரிந்து, அதன் வோல்ட் திடீரென்று உயர்ந்து, அதனுள்ளிருக்கும் டயோடுகளும் வண்டியின் மற்ற மின்கருவிகளும் கெட்டுப்போகும்.

பியூஸ் ஒன்றையும் சேர்த்து வைக்கலாமா என்று சிலர் கேட்கலாம். தயாரிப்பாளர் அனுமதித்த அளவில் வைப்பதில் தவறில்லை. ஆனால் 400 ஆம்பியரைத் தாங்கும் பியூஸ், தளர்ந்த இணைப்பு ஒன்று சூடேறுவதைக் கண்டுகொள்ளாது. ஒட்டிக்கொண்ட கான்டாக்டரையும் நிறுத்தாது. ஆகவே பியூஸ் இருந்தாலும் துண்டிப்பு ஸ்விட்ச் வேண்டியதே. ஓட்டுபவர் அருகில் தனிப் பொத்தான் வைப்பதானால், அதற்குச் செல்லும் மெல்லிய கம்பிக்குச் சிறிய பியூஸ் அவசியம் வைக்க வேண்டும்.

3. கம்பியின் பருமன்

பாட்டரி முன்புறத்தில் இருக்கும் வண்டியில், விஞ்சுக்குப் போக 2 மீட்டரும் திரும்ப 2 மீட்டருமாக 4 மீட்டர் கம்பி வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அதில் 400 ஆம்பியர் பாயும்போது ஏற்படும் நஷ்டம் பின்வருமாறு:

16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி: 1.75 வோல்ட் குறைவு. 700 வாட் உஷ்ணம்.
35 சதுர மில்லிமீட்டர்: 0.8 வோல்ட் குறைவு. 320 வாட் உஷ்ணம்.
50 சதுர மில்லிமீட்டர்: 0.56 வோல்ட் குறைவு. 224 வாட் உஷ்ணம்.

12 வோல்ட்டில் 1.75 வோல்ட் கம்பியிலேயே போய்விட்டால் விஞ்ச் தளர்ந்து இழுக்கும். கம்பியோ துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைப் போல் காயும். ஆகையால் 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த கம்பியை உபயோகிக்கலாகாது. பாட்டரி பின்புறத்தில் இருந்து கம்பி நீளமாக வேண்டியிருந்தால் 50 அல்லது 70 சதுர மில்லிமீட்டர் வேண்டும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த, வளையக்கூடிய தாமிரக் கம்பியே ஏற்றது. தாமிரப் பூச்சிட்ட அலுமினியக் கம்பியும் சந்தையில் விற்கிறது. மலிவைக் கண்டு அதை வாங்கக் கூடாது.

நெகட்டிவ் கம்பியையும் அதே பருமனில் பாட்டரி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். வண்டியின் சட்டத்திலேயே முடித்துவிட்டால், பெயிண்டும் துருவும் தடையாக நின்று அவ்விடம் சூடேறும்.

4. இணைக்கும் முறை

வேலை தொடங்குமுன் மோதிரம், கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பாட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி ஆகாது. முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பாஸிட்டிவை முதலில் கழற்ற முயன்றால், சாவி வண்டியின் இரும்பில் பட்டவுடன் மின்சாரம் குறுக்கே பாயும்.

கம்பியின் நுனிகளில் தாமிர லக்குகளைக் கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்த வேண்டும். சுத்தியலால் தட்டியோ, ஈயப்பற்று வைத்தோ முடிப்பது போதாது. ஈயம் உஷ்ணத்தில் இளகும். பற்று முடியும் இடத்தில் கம்பி விறைத்து, வண்டியின் ஆட்டத்தில் ஒடியும். லக்கின் மேல், சூட்டில் சுருங்கும் உறையும், முனைகளின் மேல் ரப்பர் மூடியும் போட வேண்டும்.

கம்பி செல்லும் வழியை, புகைபோக்கிக் குழாய், எரிபொருள் குழாய், ஸ்டியரிங் தண்டு, விசிறி ஆகியவற்றிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இன்றிச் செலுத்தக் கூடாது. முழு நீளத்துக்கும் நெளிகுழாய் உறையிட்டு, முழத்துக்கு ஒரு கட்டாகக் கட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின், துண்டிப்பு ஸ்விட்சைத் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு, பாட்டரியின் பாஸிட்டிவ் முனையை முதலிலும் நெகட்டிவ் முனையைக் கடைசியிலும் இணைக்க வேண்டும். ஸ்விட்ச் திறந்திருக்கும்போது பொத்தானை அழுத்திப் பார்த்தால் விஞ்ச் அசையக் கூடாது. அசைந்தால் இணைப்பு தவறு என்று அறியவும்.

5. இழுக்கும் வேளையில்

கயிற்றை மாட்டி, ஆட்களை விலக்கிய பிறகே ஸ்விட்சை மூட வேண்டும். கயிற்றைக் கையால் தொட நேரும்போதெல்லாம் மறுபடி துண்டிக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டே இழுக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் கொடுத்தாலும், முழுப் பாரத்தில் மீதி 340 ஆம்பியரைப் பாட்டரியே கொடுக்கிறது. ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 6 ஆம்பியர்-மணி செலவாகிறது. 80 ஆம்பியர்-மணிப் பாட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதை ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். மோட்டாரும் விரைவில் சூடேறுமாதலால், பாரமான இழுப்பில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்திச் சில நிமிஷங்கள் ஆறவிட வேண்டும்.

பாரம் அதிகமானால் கப்பி ஒன்றை மாட்டிக் கயிற்றை இரட்டையாக்குவது நலம். விஞ்சின்மேல் விழும் பாரம் பாதியாகி, ஆம்பியரும் ஏறக்குறையப் பாதியாகும். ஆம்பியர் பாதியானால் கம்பியின் உஷ்ணம் காற்பங்காகக் குறையும். இழுக்கும் நேரம் இரண்டு மடங்கானாலும், மொத்த உஷ்ணம் பாதிதான்.

பொத்தானை விட்டும் விஞ்ச் நிற்காவிட்டால், யோசியாமல் துண்டிப்பு ஸ்விட்சைத் திருப்ப வேண்டும். பாரத்தோடு துண்டிக்கும்போது உள்ளே பொறி உண்டாகித் தகடுகள் தேயும். ஆதலால் இது ஆபத்துக் காலத்துக்கு மட்டும் உரியது. பிறகு ஸ்விட்சையும் கான்டாக்டரையும் சோதித்து, பழுதானதை மாற்ற வேண்டும்.

6. மாதம் ஒரு முறை செய்யவேண்டிய சோதனை

பாரமின்றிக் கயிற்றை விட்டுச் சுற்றிப் பார்த்து, துண்டித்த பிறகு ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். கம்பியைக் காட்டிலும் இணைப்பு சூடாயிருந்தால் அது தளர்ந்தோ, களிம்பேறியோ இருக்கிறது. கம்பியின் உறையை, முக்கியமாகத் துளைகளின் அருகிலும் கட்டுகளின் கீழும், கவனிக்கவும். தோட்ட வீட்டில் நிறுத்திய வண்டியில் எலிகள் உறையைக் கடிப்பதுண்டு. துண்டிப்பு ஸ்விட்சை நாலைந்து முறை திருப்பி, இறுகாமலிருக்கிறதா என்று பார்க்கவும்.

7. கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அனுமதியின்றி முன்புறத்தில் பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டங்கள் இப்பிரிவுக்கு விரோதமானவை என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. ஆகவே விஞ்ச் வைக்க விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக விசாரித்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும்.

புயல், மழைக் காலத்தில் பாதையில் விழுந்த மரத்தை ஜீப்பினால் இழுக்கச் செய்யும்போது, மரத்தின்மேல் மின்கம்பி கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் மின்சார அலுவலகத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தும் வரையில் ஒருவரையும் கிட்ட விடக்கூடாது. வேடிக்கை பார்ப்போரைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்த வேண்டும். பிறகு, துண்டிப்பு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று வண்டியோட்டியைக் கேட்டு, அதைத் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் தேடத் தொடங்கினால், அந்த வண்டியைக் கொண்டு வேலை செய்விக்காமலிருப்பதே ஆட்களின் கைகால்களுக்கு க்ஷேமம்.

விஞ்ச் வருஷத்தில் சில நாழிகைகளே வேலை செய்கிறது. அதன் கம்பியோ வருஷம் முழுவதும் பாட்டரியோடு இருக்கிறது. வேலை முடிந்து கயிற்றைச் சுற்றியவுடன் ஸ்விட்சைத் துண்டிப்பதை, ஏர் அவிழ்த்தவுடன் மாட்டைத் தறியில் கட்டுவதைப் போல், தவறாத வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.