கருக்கலைப்பு: சட்டம் கேட்காத கையெழுத்துகள்



நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயம்தான் இந்த மாதப் பாடம். கருக்கலைப்புக்கு நம் நாட்டில் 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் சுமார் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை மூலம் நடந்ததாகவும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சட்டம் இருந்தும் பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை? வழியில் நிற்கும் தடைகள் என்ன? பார்ப்போம்.

சட்டம் சொல்வது

1971-க்கு முன் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். வேறு காரணத்துக்குக் கலைத்தால் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் இதை மாற்றியது. 2021 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இதுதான்:

• 20 வாரம் வரை: ஒரு டாக்டரின் முடிவு போதும். தாயின் உயிருக்கு ஆபத்து, உடல்நலம் அல்லது மனநலம் கடுமையாகக் கெடும் நிலை, பலாத்காரத்தால் உண்டான கரு, கருத்தடை பலிக்காமல் போனது, குழந்தைக்குக் கடும் குறைபாடு ஆகியவை காரணங்கள். பெண்ணின் வீட்டுச் சூழ்நிலையையும் டாக்டர் கணக்கில் எடுக்கலாம்.

• 20 முதல் 24 வாரம் வரை: இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயது ஆகாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு இது பொருந்தும்.

• 24 வாரத்துக்கு மேல்: குழந்தைக்குக் கடும் குறைபாடு இருந்தால், மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும்.

தாயின் உயிரைக் காக்க உடனே கலைத்தாக வேண்டும் என்றால் இந்த வாரக் கணக்கு தடையில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரத்தை எண்ண வேண்டும்.

வழியில் நிற்கும் தடைகள்

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா." பல இடங்களில் முதல் பேச்சே இதுதான். 18 வயது நிரம்பிய பெண்ணின் சொந்தக் கையெழுத்து போதும் என்கிறது சட்டம். கணவர், மாமியார், அப்பா யார் கையெழுத்தும் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ மனநலம் பாதிக்கப்பட்டிருந்தாலோ மட்டும் பாதுகாவலர் சம்மதம் வேண்டும்.

"ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாத்தான் செய்வோம்." குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், காப்பர் டி எல்லாம் பெண்ணின் விருப்பம். கருக்கலைப்புக்கு அதை நிபந்தனையாக வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

"இன்னும் கல்யாணம் ஆகலையா?" கருத்தடை பலிக்காமல் போன காரணம் 2021 முதல் திருமணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும். 20 முதல் 24 வாரம் வரையிலும் அவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

"கலைக்கிறதே குற்றமாமே?" ஸ்கேன் சென்டரில் தொங்கும் போர்டைப் பார்த்து வரும் குழப்பம் இது. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதுதான் குற்றம். பெண் குழந்தை என்பதற்காகக் கலைப்பதைச் சட்டம் ஏற்காது. மேலே சொன்ன காரணங்களுக்காகக் கலைப்பது குற்றமல்ல.

"ஊருக்கே தெரிஞ்சிடுமே." பெண்ணின் பெயரையும் விவரத்தையும் வெளியே சொன்னால் டாக்டருக்கே ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

தாமதம்தான் ஆபத்து

இந்தத் தடை ஒவ்வொன்றும் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நாள் ஓடுகிறது. கடைசியில் பயந்துபோய் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். சரியான காலத்தில், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். ஆனால் எத்தனை வாரம் என்று தெரிய வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை பலிக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தச்சோகை உள்ளவருக்கு அதிக ரத்தப்போக்கைத் தாங்கச் சக்தி இருக்காது.

ஒரு மணி நேரத்துக்கு 2 பேட் வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தாலோ, கடும் வயிற்றுவலி, விடாத காய்ச்சல், கெட்ட நாற்றம், மயக்கம் இருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. நாள் தள்ளிப்போனால் உடனே பரிசோதிக்கச் சொல்வோம். அரசு ஆஸ்பத்திரி அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே அனுப்புவோம்.

2. துணைக்கு ஒருவர் போவோம். கணவர் கையெழுத்து கேட்டால், "அவங்க கையெழுத்தே போதும்னு சட்டம் சொல்லுதுங்க" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்வோம்.

3. வட்டிக்காரரிடம் போகவிடாமல் அவசரக் கடன் கொடுப்போம். எதற்கு என்று கூட்டத்தில் கேட்கக் கூடாது. தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும்.

4. தெரிந்த விஷயம் வெளியே போகக் கூடாது. கருவைக் கலைப்பதா, பெற்றுக்கொள்வதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. குழு எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது.

கூட்டத்தில் கலந்து பேச

• நம் ஊரிலிருந்து இந்த வசதி உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? போக்குவரத்துச் செலவு எவ்வளவு?
• கடன் கேட்கும் உறுப்பினர் காரணத்தை ஊக்குநரிடம் மட்டும் சொன்னால் போதும் என்று தீர்மானம் போடலாமா?
• எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு இந்தப் பாடத்தை யார் படித்துச் சொல்வது?

கூட்டத்தில் பேசி எடுத்த தீர்மானத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். யாருடைய பெயரும் அதில் வேண்டாம்.