வியாபாரியின் நூலும் மகளின் படிப்பும்

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் வனவியல்தான் படிப்பேன் என்கிறாள். நாங்கள் தறிக் குடும்பம். அந்தப் படிப்பில் மரத்தை அளப்பதே ஒரு பாடமாம். வியாபாரி நூல் பிடித்து அளப்பதைக் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், செய்யார்

பதில்: அந்த நூலையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது பழைய வழக்கம். 80 செ.மீ. சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள தேக்குக் கட்டை இந்தக் கணக்கில் 0.12 கன மீட்டர். உருளையாகக் கணக்கிட்டால் 0.153. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது! அறுக்கும்போது வீணாவதற்கான கழிவு என்பார்கள். இருக்கட்டும், மரத்தை வளர்த்தவருக்கு அது தெரிய வேண்டாமா?

கோவையில் 1912லேயே வனக் கல்லூரி வந்துவிட்டது. இன்று பட்டப்படிப்புக்கு மேட்டுப்பாளையத்தில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. வன அளவியலில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து. மரம் ஏறாமல், கோணத்தை வைத்தே உயரம் கணிப்பார்கள். காடு முழுவதையும் எண்ண முடியாது. சில மாதிரித் திட்டுகளை அளந்து மொத்தத்தையும் மதிப்பிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு மரம் எவ்வளவு கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற கணக்கும் இந்த அளவுகளிலிருந்தே தொடங்குகிறது.

இழை எண்ணிப் பாவு ஓட்டும் வீட்டுப் பெண்ணுக்கு இது அந்நியமாக இராது. தாராளமாக அனுப்புங்கள்.